கோடையைப் பயன்கொள்ளல்: கணினி வேளாண்மை விளையாட்டொன்றும் கந்தளாய்ச் சிறுபோகமும்

1

நாட்டார் பாடலும் கூத்தும் திரைப்படமும் ஒரு காலத்தில் புலமையாளரின் கவனத்துக்கு உரியனவல்ல எனக் கருதப்பட்டன. பின்னர் அவையே சமூக வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாக ஏற்கப்பட்டன. இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடப்படும் விளையாட்டுக்கள் அம்முன்னைய நிலையிலேயே உள்ளன. அவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குவோரும் ஏகாதிபத்தியப் பண்பாட்டுக் கழிவு என ஒதுக்குவோரும் வேறுவேறு முகாம்களைச் சார்ந்தவராயினும், ஆராயாது விடுவதில் ஒன்றுபடுகின்றனர்.

இக்கட்டுரைக்குத் தூண்டுதலாய் அமைந்தது ஓர் உரையாடலாகும். தம்பலகாமத்திலிருந்து திருகோணமலை நகருக்குப் படிக்க வரும் மாணவர் ஒருவர், துறைமுகத்தை நோக்கிய தெருவொன்றில் எம்முடன் நடந்து வருகையில், தாம் விளையாடும் வேளாண்மை விளையாட்டொன்றைப் பற்றிக் கூறினார். அவ்விளையாட்டின் கோடை காலத்தில் தமக்குப் பெரும் இலாபம் கிடைத்தது என்றும், அதே மாதங்களில் சிறுபோகம் செய்த தம் தகப்பனார் கடன்பட்டார் என்றும் சொல்லிவிட்டு, “அப்பாவுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது, சேர்” என்று முடித்தார். அவர் அதனைக் கேலியாகச் சொல்லவில்லை; வருத்தத்துடனேயே சொன்னார். விவசாயியின் வறுமைக்கு அவனது கணக்கறியாமையே காரணம் என்னும் இம்முடிபு எங்கிருந்து பெறப்பட்டது, அது எவ்வளவு தூரம் உண்மை என்பவற்றை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

2

எடுத்துக்கொண்ட விளையாட்டு ‘ஸ்டார்டியூ வேலி’ எனப்படுவது. அமெரிக்கரான எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தனியொருவராக உழைத்து உருவாக்கிய இது 2016 பெப்ருவரியில் வெளிவந்தது. பின்னர் கைத்தொலைபேசிக்கும் வந்தது. 2024 இறுதியளவில் இதன் விற்பனை 4 கோடிப் பிரதிகளைக் கடந்திருந்தது. இவ்வகை விளையாட்டுக்களின் முன்னோடி 1996இல் யப்பானில் யசுஹிரோ வாதா உருவாக்கிய ‘ஹார்வெஸ்ட் மூன்’ ஆகும். கிராமத்தை விட்டுத் தோக்கியோவுக்குப் பிழைக்க வந்தபின்னரே கிராமத்தின் அருமையைத் தாம் உணர்ந்ததாக வாதா கூறியுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. நிலத்தை இழந்த நகரத்து உழைப்பாளியின் ஏக்கமே இவ்வகையின் ஊற்றுக்கண் எனலாம்.

கதைத்தலைவன் ‘ஜோஜா’ என்னும் பெருநிறுவனத்தின் அலுவலகத்தில் வரிசையாக அடைக்கப்பட்ட சிறு தடுப்பறைகளுள் ஒன்றிலிருந்து வேலைபார்ப்பவன். மறைந்த பாட்டனார் விட்டுச்சென்ற கடிதத்தைத் திறக்கிறான். அதில் ஒரு பண்ணைக்கு உரிமை தரப்பட்டுள்ளது. வேலையை விட்டுக் கிராமத்துக்கு வருகிறான். 500 பொற்காசும் சிறிதளவு விதையும் கையிருப்பு. ஆண்டு நான்கு பருவங்களாகவும் ஒவ்வொரு பருவமும் 28 நாட்களாகவும் வகுக்கப்பட்டுள்ளது. பருவம் மாறிய அன்று காலை, அடுத்த பருவத்துக்குரியதல்லாத பயிர் யாவும் பட்டுப்போகும். ஆகவே ‘கோடையை எவ்வாறு முழுமையாகப் பயன்கொள்வது’ என்பதே ஆடுவோர் தம்முள் ஓயாது விவாதிக்கும் வினாவாகின்றது.

அவ்வினாவுக்குரிய விடை முற்றிலும் எண்கணிதமானது. புளூபெரி விதை 80 காசு. முதல் நாள் நட்டால் 13 நாளில் காய்க்கும். அதன்பின் நான்கு நாளுக்கொரு தடவை பறிக்கலாம். ஆகவே 14, 18, 22, 26ஆம் நாட்களில் நான்கு பறிப்பு. பறிப்பொன்றுக்கு மூன்று பழமாக 12 பழம். பழமொன்று 50 காசாக 600 காசு. விதைச் செலவு போக 520 காசு. முலாம்பழ விதையும் 80 காசுதான். ஆனால் 12 நாளில் ஒரே பழம் தந்து மடிந்துவிடும். பழம் 250 காசு. பருவத்துள் இருமுறை நடலாமாகையால் தேறுவது 340 காசு. பியர் வடிக்கப் பயன்படும் ஹொப்ஸ் கொடியோ 11 நாளில் வளர்ந்து அதன்பின் நாள்தோறும் காய்க்கும். பச்சையாக விற்றால் 25 காசு, பீப்பாயில் இட்டு மதுவாக்கினால் 300 காசு. பறிப்பிற் கிடைக்கும் பெறுமதி பதப்படுத்தலில் பன்னிரு மடங்காகின்றது. வளர்ச்சியைத் துரிதப்படுத்தும் உரங்களும் உள்ளன. இலையுதிர் பருவத்திலும் நிற்கும் சோளத்தைக் கோடையிலேயே நட்டுவிடுவது இன்னொரு உத்தி.

இக்கணக்கின் தன்மையைத் தெளிவாக விளங்கிக்கொள்ள மார்க்சின் ‘மூலதனம்’ இரண்டாந் தொகுதி துணைபுரிகின்றது. ஏங்கெல்ஸ் 1885இல் பதிப்பித்த அத்தொகுதியில் உழைப்புக் காலத்துக்கும் உற்பத்திக் காலத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு விளக்கப்படுகின்றது. தொழிற்சாலையில் இவை பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே செல்வன. வேளாண்மையிலோ விதைத்தவன் கைகட்டி நின்றாலும் பயிர் தனக்குரிய காலத்தை எடுத்தே தீரும். உற்பத்திக் காலம் உழைப்புக் காலத்தினும் நீண்டது. அந்நீட்சி முழுவதும் முதலீடு முடங்கிக் கிடக்கின்றது. எனவே முதலின் சுழற்சிக் காலத்தைக் குறுக்குவதே முதலாளித்துவ வேளாண்மையின் இடையறாத நாட்டமாகும். மேலே கண்ட கணக்குகள் யாவும் இச்சுழற்சிக் கணக்குகளே. தடுப்பறையிலிருந்து தப்பியோடி வந்தவன், தான் அறியாமலே, முதலின் ஆளுருவாகப் பண்ணையில் மீண்டும் பிறக்கிறான்.

3

இம்முரண்பாடு விளையாட்டின் கதைக்கும் அதன் விதிகளுக்கும் இடையே நிலவுவது. கதை ஜோஜா நிறுவனத்தைக் கண்டிக்கின்றது. கிராமத்துச் சிறுகடையை நசுக்க வந்த பேரங்காடியாக அது காட்டப்படுகின்றது. பாழடைந்த சமூக மண்டபத்தை ஆடுபவர் தம் விளைபொருளை ஈந்து புதுப்பிக்கலாம், அன்றேல் அதனை ஜோஜாவின் களஞ்சியமாக்கவும் விடலாம். நல்லோர், தீயோர் என்ற அறவியற் பிரிப்பு இது. விதிகளோ எந்த வழியை மேற்கொண்டாலும் ஒன்றே: குறைந்த காலத்தில் கூடிய பெறுமதி. முதலாளித்துவத்தை ஒரு கெட்ட நிறுவனமாகச் சுருக்கிவிட்டு அதன் இயக்கவிதியை இயற்கையின் விதியாக நிலைநிறுத்துதல் இன்றைய பண்பாட்டுப் பண்டங்கள் பலவற்றின் பொதுக் கருத்துநிலையாகும்.

இதனால் இவ்விளையாட்டு வெறும் ஏமாற்று எனக் கொள்ளலாகாது. மதம் துன்பத்தின் வெளிப்பாடாகவும் துன்பத்துக்கு எதிரான முறையீடாகவும் ஒருங்கே இருப்பதை இளம் மார்க்ஸ் சுட்டினார். அதனையே இங்கும் கூறுதல் தகும். தான் நட்டதைத் தானே பறிக்கவும், தன் உழைப்பின் பயனைக் கண்முன் காணவும், ஊரார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறியவும் விழையும் மனிதனின் வேட்கை இதில் உண்டு. அந்நியமாதலுக்கு ஆளான கோடிக்கணக்கானோர் வேலை முடிந்த இரவில் இன்னொரு வேலையை ஓய்வாகச் செய்கின்றனர் என்பதே நம் காலத்தைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டு. வேட்கை மெய்யானது, அதற்குக் கொடுக்கப்பட்ட நிலமே பொய்யானது.

அந்நிலத்தின் பொய்ம்மையை நான்கு இடங்களில் காணலாம். முதலாவது நீர். ஆடுபவர் குட்டையில் வாளியை நிரப்பிப் பயிருக்கு ஊற்றுகிறார். குட்டை ஒருபோதும் வற்றுவதில்லை. கோடையிலும் 13ஆம், 26ஆம் நாட்களில் இடியுடன் மழை தவறாது பெய்யும். நீர் ஊற்றாவிடினும் பயிர் சாவதில்லை. வளர்ச்சி ஒரு நாள் பின்தள்ளப்படும், அவ்வளவே. இரண்டாவது சந்தை. ஆயிரம் பழத்தைப் பெட்டியிலிட்டாலும் மறுநாட் காலை அதே விலையில் காசு வந்துவிடும். மூன்றாவது நிலவுறவு. குத்தகையில்லை, வரியில்லை, அடகில்லை. நான்காவது உழைப்பு. பண்ணையில் கூலியாள் எவரும் இல்லை. பண்ணை விரிந்தபின் ‘ஜூனிமோ’ எனப்படும் சிறு வனதேவதைகளுக்குக் குடில் கட்டிக்கொடுத்தால் அவை கூலி கேளாது அறுவடை செய்கின்றன. ஆங்கில நாட்டுப்புறக் கவிதை மரபு வயலிலிருந்து உழைப்பாளியை அகற்றி, விளைச்சல் தானே மேசைக்கு வந்தது போலக் காட்டிய விதத்தை ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளிவந்த ‘நாடும் நகரமும்’ என்ற நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். அம்மரபின் நேர்வாரிசு ஜூனிமோக்கள்.

4

நம் இலக்கிய மரபு இதனினும் மேம்பட்டதா என்ற வினா எழுதல் இயல்பு. பழமையைப் போற்றி அமைதிகாண்பது எமது நோக்கமன்று. ஆயினும் ஒப்புநோக்கு பயன்தரும்.

தொல்காப்பிய மரபில் வேனிலும் நண்பகலும் பாலைக்குரிய பொழுதுகள். அதன் உரிப்பொருள் பிரிவு. குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற கருத்தும் நம் மரபில் உண்டு. அதாவது, தமிழ்க் கவிதை கோடையைப் பயன்கொள்ளும் பருவமாகவன்றி, பொருள்தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் பருவமாகவே கண்டது. திணைக்கோட்பாட்டைத் தென்னிந்தியச் சமூகத்தின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு இணைத்துக் கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரை, இப்பொழுதுகளும் நிலங்களும் வெறும் கவிதை அலங்காரமல்ல, உற்பத்தி வாழ்வின் பதிவுகள் என்பதை நிறுவியது. கோடை என்பது எல்லா நிலத்துக்கும் ஒரே 28 நாட்களன்று என்பதைச் சங்கப் புலவன் அறிந்திருந்தான்.

பள்ளு இலக்கியம் இன்னும் நெருக்கமான ஒப்புமையைத் தருகின்றது. முக்கூடற் பள்ளு முதலாக ஈழத்தின் கதிரைமலைப் பள்ளு, பறாளை விநாயகர் பள்ளு வரையுள்ள நூல்களில் நெல்வகை, மாட்டுவகை, மீன்வகை என அடுக்கிச் செல்லும் பட்டியல்கள் உண்டு. கணினி விளையாட்டில் பயிரையும் மீனையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பதியும் மகிழ்ச்சி இதற்கு அயலானதன்று. வேறுபாடு உழைப்பாளியிடத்தே உள்ளது. பள்ளில் உழுபவன் நிலத்துக்கு உரியவனல்லன். பண்ணைக்காரன் கணக்குக் கேட்கிறான், பள்ளன் தொழுவில் மாட்டப்படுகிறான். நிலவுடைமையின் கருத்துநிலை அவனை நகைப்புக்குரியவனாக்கிற்று. ஆனால் இல்லாதவனாக்க அதனால் இயலவில்லை. ஒடுக்கியவனின் இலக்கியத்திலும் ஒடுக்கப்பட்டவன் நின்று பேசினான். இருபத்தோராம் நூற்றாண்டின் இனிய பண்ணையோ அவனை முற்றாகத் துடைத்துவிட்டது.

திருகோணமலைக்கே உரிய நூலான கோணேசர் கல்வெட்டை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். கவிராச வரோதயன் இயற்றியதாகக் கொள்ளப்படும் அந்நூல் குளக்கோட்டன் கோயிலும் குளமும் கண்டு, குடிகளை இருத்தி, அவர்க்குத் தொழும்புகள் வகுத்ததைக் கூறும். பாளி வரலாற்று மரபு கந்தளாய்க் குளத்தை இரண்டாம் அக்கபோதியோடு சார்த்தும். எந்த அரசன் கட்டினான் என்பதில் இரு மரபும் மாறுபடுவன. மண் சுமந்தவர் யார் என்பதைக் கூறாமையில் இரண்டும் உடன்படுவன. எனினும் ஓருண்மையைக் கோணேசர் கல்வெட்டு மறைக்கவில்லை: இந்நிலத்தில் நீர் என்றால் அது மனிதருக்கிடையேயான உறவு.

5

அவ்வுறவை இன்றைய சிறுபோகத்தில் நேரிற் காணலாம். கிழக்கு மாகாணத்தின் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையான வடகீழ்ப் பருவக்காற்றால் கிடைப்பது. அதனை நம்பியது பெரும்போகம். சித்திரையின் பின் மேற்கிலிருந்து மலை கடந்து வரும் கச்சான் காற்று ஈரத்தையெல்லாம் மறுபுறத்தே கொட்டிவிட்டு, வெம்மையை மட்டுமே இங்கு கொணர்கின்றது. ஆகவே கோடைச் செய்கை என்பது மாரியில் தேக்கிய நீரின் அளவேயாகும். கந்தளாய்க் குளத்தை நம்பிய வயல்கள் கந்தளாயிலிருந்து தம்பலகாமம் வரை பரந்துள்ளன. மூதூர், சேருவில பக்கத்து வயல்களுக்கு வெருகல் ஆற்றிலிருந்து வரும் அல்லைத் திட்டத்து நீர் ஆதாரம்.

இங்கு ‘கோடையை எவ்வாறு பயன்கொள்வது’ என்ற வினாவைத் தனியொருவர் தீர்மானிப்பதில்லை. போகத்துக்கு முன்னர் விவசாயிகளும் நீர்ப்பாசன, கமநல அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் அது தீர்மானிக்கப்படுகின்றது. குளத்தில் இத்தனை அடி நீர் உள்ளது, இத்தனை ஏக்கருக்கே அது போதும், இன்ன தேதியில் துருசு திறக்கப்படும், இன்ன தேதிக்கு முன் விதைப்பு முடியவேண்டும், மாடுகளை அகற்றவேண்டும், இன்ன நாளோடு நீர் நிறுத்தப்படும். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இத்தீர்மானங்கள் யாவரையும் கட்டுப்படுத்துவன. வாய்க்காலில் முறைவைத்து நீர் பாய்ச்ச வட்டவிதானைமார் உளர். மூன்று, மூன்றரை மாத நெல்லினங்களை விதைப்பது சிறுபோக வழக்கு. இங்கும் உற்பத்திக் காலம் குறுக்கப்படுகின்றது. ஆனால் குளத்து நீர் எத்தனை வாரம் ஓடும் என்பதே அக்குறுக்கத்தின் அளவுகோல்.

நீர் மிகக் குறைந்த ஆண்டுகளுக்கு இன்னொரு வழமையும் இந்நாட்டின் குளத்துக் கிராமங்களில் உண்டு. சிங்கள மக்களிடையே ‘பெத்ம’ என வழங்கும் அம்முறைப்படி குளத்துக்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் அப்போகத்துக்குத் தெரிந்து, அவற்றைத் தூரத்து வயற்காரர் உட்பட எல்லோருக்கும் தற்காலிகமாகப் பங்கிடுவர். உறுதியில் யார் பெயர் உள்ளது என்பது அந்த ஒரு கோடைக்கு ஒத்திவைக்கப்படுகின்றது. பங்கு அவரவர் முழு உரித்தின் வீதப்படியே அமைவதால் ஏற்றத்தாழ்வு அங்கும் தொடர்வதே. அதனைப் பொதுவுடைமை எனப் புனைந்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் பற்றாக்குறையைப் பகிர்ந்தே கடக்க முடியும் என்ற அறிவு அதில் உறைந்துள்ளது.

கணினிக் கிராமத்திலும் ஊர் கூடுவதுண்டு. கோடையின் 11ஆம் நாள் கடற்கரையில் விருந்து. ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைப் பொதுச்சட்டியில் இட, ஆளுநர் வந்து சுவைபார்த்துப் பாராட்டுகிறார். ஊரின் கூட்டுவாழ்வு சூப்புச் சட்டியில் தொடங்கி அங்கேயே முடிகின்றது. நீரைப் பற்றியோ விலையைப் பற்றியோ பேச அவ்வூரில் ஒரு கூட்டம் இல்லை. கூடி உண்போர் கூடித் தீர்மானிப்பதில்லை என்பதே அவ்வுலகின் அரசியல்.

இனி, நீர் கிடைத்தபின்னரும் தம்பலகாமத்து விவசாயிக்கு நேர்வன யாவை? குத்தகைக்குச் செய்பவனாயின் விளைச்சலின் ஒரு பகுதி நிலவுடைமையாளனுக்குரியது. அவ்வுறவைச் சீர்செய்யவே பிலிப் குணவர்தன 1958இல் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சட்டம் நின்ற அளவுக்கு உறவு மாறவில்லை. அறுவடை எல்லோருக்கும் ஒரே வாரங்களில் வருகின்றது. அவ்வாரங்களில் நெல்விலை வீழ்கின்றது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நெற் சந்தைப்படுத்தற் சபை கொள்வனவைத் தொடங்கும் வரை காத்திருக்கக் கடன் விடுவதில்லை. களத்திலேயே ஈரநெல்லைத் தனியார் வணிகருக்குக் கொடுக்க நேர்கின்றது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டு, விளைவுகள் தெரியத் தொடங்கிய நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அத்தீர்மானம் எந்த ஆரம்பக் கூட்டத்திலும் எடுக்கப்பட்டதன்று. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியற்புறத்தில் கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கோடையை அவர் எக்கணக்கில் சேர்த்திருக்க முடியும்?

பாட்டனாரின் கடிதம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அக்கடிதம் ஒன்றே விளையாட்டில் நிலத்துக்குப் போதிய உரிமை. இம்மாவட்டத்தில் பாட்டனார் விட்டுச்சென்ற உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்காக அகதி முகாமில் இருந்தோர் உளர். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015இலும் அதன் பின்னருமே தம் காணிகளுக்குப் படிப்படியாகத் திரும்பலாயினர். ஒன்பது கோடைகள் அவர்க்கு வயலின்றிக் கழிந்தன.

துறைமுகமும் இக்கணக்குக்குப் புறம்பானதன்று. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்த இக்குடாவின் கரையில், சீனக்குடாவில், 1980களின் தொடக்கம் முதல் பிரிமா மாவாலை இயங்கி வருகின்றது. கடல்கடந்த வயல்களின் கோதுமை இங்கு இறங்கி மாவாகி நாடெங்கும் செல்கின்றது. நெல் விளையும் வயல்களுக்கும் கோதுமை இறங்கும் துறைக்கும் இடையே ஒரு மணிநேரப் பேருந்துப் பயணந்தானும் இல்லை. நெல்லின் விலையும் பாணின் விலையும் சந்திக்கும் இடம் அது. விளையாட்டின் விலைப்பட்டியலில் துறைமுகத்துக்கு இடமில்லை.

6

மேற்கூறியவற்றால் பெறப்படுவதைத் தொகுத்து நோக்குவோம். விளையாட்டில் கோடையின் ஒரே பற்றாக்குறை நாட்கள். நாட்கள் மட்டுமே பற்றாக்குறையாயின் தனிமனிதனின் திட்டமிடலே போதும். இலாபம் அவன் திறமைக்குச் சான்று, நட்டம் அவன் திறமையின்மைக்குச் சான்று. நீரும் நிலவுறவும் சந்தையும் அரசும் நீக்கப்பட்ட உலகில் இம்முடிபு தர்க்கரீதியாகச் சரியானது. அவை உள்ள உலகுக்கு அதனைப் பொருத்தும்போதே அது கருத்துநிலையாகின்றது. இப்பொருத்தலை விளையாட்டு மட்டும் செய்யவில்லை. விவசாயியைத் ‘தொழில்முனைவோன்’ என விளித்து, கணக்குப் பழக்கினால் கடன் தீரும் என உபதேசிக்கும் பயிற்சிப் பட்டறைகளின் மொழியும் இதுவே. விளையாட்டு அம்மொழியை இனிமையாகக் கற்பிக்கின்றது. அதனால் அதன் பிடி இறுக்கமானது.

இது விளையாட்டுத்தானே, நீரையும் கடனையும் புகுத்தினால் யார் ஆடுவர் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் எதனை நீக்கினால் வேளாண்மை இன்பமாகும் என்று ஒரு காலம் கருதுகின்றதோ, அதுவே அக்காலத்து உழவனின் துன்பப் பட்டியல். அவ்வகையில் ‘ஸ்டார்டியூ வேலி’ தன்னையறியாமல் ஓர் உண்மையைக் கூறுகின்றது: வற்றாத நீர், வீழாத விலை, குத்தகையில்லா நிலம், கடனில்லா விதை. இவை வனதேவதைகளிடம் கேட்கவேண்டியவையல்ல. இந்நாட்டு விவசாய இயக்கங்கள் முன்வைத்துப் போராடிய கோரிக்கைகளுக்கு நெருங்கியவை. முற்போக்கு வாசகர் இளைஞரின் கையிலிருந்து விளையாட்டைப் பறிப்பதற்குப் பதிலாக, அதில் அவர் கண்ட இன்பத்தை இக்கோரிக்கைகளின் மொழியில் அவர்க்குத் திருப்பிச் சொல்லுதல் வேண்டும்.

அம்மாணவரின் தகப்பனாருக்குக் கணக்குத் தெரியாது என்பது உண்மைக்குப் புறம்பானது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது, துருசு எந்நாளில் மூடும், மூன்று மாத நெல்லை எந்நாளுக்குள் விதைத்தால் கடைசி நீருக்குள் கதிர் முற்றும், வணிகர் எவ்விலை சொல்வார், அதில் வட்டிக்கு எவ்வளவு போகும் என்பவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும் கணக்கு அவருடையது. புளூபெரிக் கணக்கினும் அது பன்மடங்கு கடினமானது. அதில் அவர் தோற்பது கூட்டல் கழித்தலில் அன்று. கணக்கின் பாதி உறுப்புக்களை வேறு யாரோ எழுதுவதனால் ஆகும். அடுத்த சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்குத் தகப்பனாருடன் சென்று ஒரு மூலையில் அமர்ந்து கேட்கும்படி அம்மாணவரிடம் கூறியுள்ளோம். போவதாகச் சொன்னார்.